பழைய வேனை உள்ளே புதுப்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் நிற்பது ஒரு பழைய டொயோட்டா ஹையேஸ் வேன், 'டொல்பின்' என்று சொல்கிற மொடல். அண்ணா 16 வருடமாகக் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய வேன். முழங்கால் வலியால் அவர் ஓட்டத்தை நிறுத்தியதும் வாங்க ஆட்கள் வந்தார்கள். அவருக்கு விற்க மனம் வரவில்லை. அப்புறம் நாங்கள் இருவருமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்து, ஏழு மாதத்தில் அதை இரண்டு பேர் படுத்தெழும்பி, தேத்தண்ணி வைத்துக் குடித்துப் பயணம் போகக்கூடிய வண்டியாக்கினோம். கையில் பெரிய காசு இருக்கவில்லை. வேனைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளும் எங்கள் பதில்களும்தான் இவை.

முதலில் எதைத் தொடுவது? கட்டிலா, மின்சாரமா, பெயின்டா?

எதையும் வாங்காதீர்கள். முதலில் கழற்றுங்கள். சீற்று, பக்கத் தட்டிகள், கூரைத் துணி, தரை விரிப்பு எல்லாம் வெளியே வரவேண்டும். வெறும் தகரம் தெரியும்வரை வேனின் நிலைமை என்னவென்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் வேனின் தரையில் கறுப்பு றப்பர் விரிப்பு ஒட்டியிருந்தது. மேலே பார்க்கக் காய்ந்து சுத்தமாகத்தான் இருந்தது. பின்சீற்று இருந்த மூலையில் அதைக் கிளப்பினால், அடியில் இருந்த கம்பளம் பிழியப் பிழியத் தண்ணீர் வடியும் அளவுக்கு ஊறிப்போயிருந்தது. அதற்குள் அழிறப்பர் துண்டுகள், தலைக்கிளிப்புகள், இரண்டு ரூபாக் குற்றிகள், ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய ஸ்டிக்கர். அண்ணா ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பால்மாப் பேணி ஒன்றுக்குள் போட்டார். அந்தப் பேணி இன்னும் வேனுக்குள்தான் இருக்கிறது. கம்பளத்தை இழுத்தெடுத்த இடத்தில் தகரம் நனைந்த பிஸ்கட் மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது. அதற்கு முந்தைய கிழமைதான் மேலே போட அழகான மரக்கோலத் தரைவிரிப்பு ஒன்று பார்த்துவைத்திருந்தோம். அதை அப்படியே ஒட்டியிருந்தால் ஒரு வருடத்தில் காலே கீழே போயிருக்கும்.

ஆகவே எங்கள் ஒழுங்கு இது: கழற்றுவது, ஒழுக்கை அடைப்பது, கறளைச் சரிசெய்வது, வயர் இழுப்பது, வெப்பத்தடுப்பு, பலகை, கடைசியில் குஷன். கண்ணுக்குத் தெரியாத வேலை எல்லாம் முதலில் வருகிறது. காசும் அங்கேதான் போகவேண்டும். கழற்றும்போது ஒவ்வோர் இடத்து ஸ்குரூவையும் தனித்தனிப் பொலித்தீன் பையில் போட்டு எழுதிவையுங்கள், கழற்றமுன் படமும் எடுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவில் இருக்காது.

மழைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஆளை உள்ளே இருத்திவிட்டு வெளியிலிருந்து பைப்பால் தண்ணீர் அடியுங்கள். எங்களுக்கு உள்ளே இருந்தவள் என் மகள். கையில் டோர்ச்சும் ஒரு சோக்குக் கட்டியும். எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே வட்டம் போடவேண்டும் என்று சொல்லியிருந்தேன். கீழிருந்து மேலே போகவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். முதலில் கதவின் அடிப்பகுதி, அப்புறம் யன்னல் றப்பர், பிறகு முன் கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடமாவது நின்று அடியுங்கள். எடுத்தவுடனே கூரையில் அடித்தால் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஓடிவரும், எந்த ஓட்டை என்று தெரியாது.

கொஞ்ச நேரத்தில் "சித்தப்பா, இங்க சொட்டுது!" என்று அண்ணாவின் மகனும் உள்ளே ஏறிவிட்டான். முடிவில் நான்கு வட்டங்கள். இரண்டு முன் கண்ணாடி றப்பரின் கீழ் மூலைகளில், ஒன்று கூரை விளிம்பில் ஓடும் பீலியின் பொருத்தில், ஒன்று பழைய ஏரியல் கழற்றிய துளையில். தரை ஊறியிருந்ததோ கடைசிச் சீற்றுக்குக் கீழே! தண்ணீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறொன்று.

அடைப்பதற்கு மலிவான சிலிக்கன் குழாயை எடுக்காதீர்கள். பூசும்போது வினாகிரி மணம் வருகிற வகை அமிலத்தை வெளிவிடும். அது வெறும் தகரத்தில் பட்டால் கறளுக்கு வழிவிடும். அதன் மேல் பெயின்டும் பிடிக்காது. வாகனப் பொருத்துகளுக்கென்று வருகிற பொலியூரித்தேன் சீலன்ட் கொஞ்சம் விலை கூட, ஆனால் வளைந்து கொடுக்கும், மேலே பெயின்ட் அடிக்கலாம். முன் கண்ணாடி றப்பர் காய்ந்து வெடித்திருந்தால் பூசிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் றப்பரையே மாற்றுங்கள்.

கறள் எவ்வளவு இருந்தால் சமாளிக்கலாம்?

சாதாரண ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுனி உள்ளே போகாவிட்டால் மேற்கறள், நீங்களே பார்க்கலாம். கம்பி பிரஷால் சுரண்டி, தூசியைத் துடைத்து, கறளைக் கறுப்பாக மாற்றும் திரவத்தைப் பூசிக் காயவிட்டு, மேலே ரெட் ஒக்சைட் பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். பிரைமரோடு நிறுத்திவிடாதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சும். கொழும்புக் காற்றில் விட்டால் அடியில் மறுபடி கறள் பிடிக்கும். சுரண்டும்போது முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நுனி உள்ளே போனால் அந்தத் தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் பிடிக்கவேண்டும். அது டிங்கர் பாஸின், அதாவது வாகனத் தகர வேலை செய்பவரின் வேலை. ஃபைபரும் புட்டியும் வைத்து மூடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், தரையின் நடுவே சின்ன ஓட்டைக்குச் சரி. ஆனால் சீற்று பெல்ட் பிடிக்கும் இடம், சீற்றுப் போல்ட் இறங்கும் இடம், ஷஸி (வண்டியின் அடிச்சட்டம்) ஆகியவற்றில் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஷஸி தின்னப்பட்டிருந்தால் உள்வேலைக்குக் காசு போடவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெல்டிங் பிடிக்குமுன் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

கொழும்பு வெயிலில் வேன் அடுப்பு மாதிரிக் கொதிக்குமே?

கொதிக்கும். குளிர்நாட்டுக்காரர் எழுதியதைப் படித்துக் கண்ணாடிப் பஞ்சு வைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எங்கள் காலநிலைக்கு ஆகாது. தகரக் கூரைக்குக் கீழே அடிக்கிறோமே, ஒரு பக்கம் வெள்ளி நிறமான நுரைச் சுருள், அதுவே போதும். தண்ணீர் குடிக்காது, ஹார்ட்வெயார் கடைகளில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெள்ளிப் பக்கத்துக்கு முன்னால் ஒரு அங்குலமளவு காற்று இடைவெளி இருந்தால்தான் அது வெப்பத்தைத் தடுக்கும். தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நெருக்கி ஒட்டினால் பளபளப்பால் பயன் இல்லை, நுரையின் தடிப்பு மட்டும்தான் உதவும்.

முதலில் கூரை, அப்புறம் வெயில் படும் பக்கம். தரைக்குக் காசு இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்தது எங்களுக்குச் செலவு குறைந்த பெரிய நன்மை. என்ன செய்தாலும் நிறுத்திவைத்த வேனுக்குள் காற்று ஓடவேண்டும்: இரண்டு பக்க யன்னலையும் திறந்து, நுளம்பு வலையை வெல்குரோவால் ஒட்டிக்கொள்ளுங்கள். டெங்கு உள்ள ஊரில் வலை இல்லாமல் யன்னல் திறந்து படுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

எந்தப் பலகை வாங்குவது?

தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவூட். தரைக்கு 12 மில்லிமீற்றர், பெட்டி அலுமாரிக்கு 9, சுவருக்கும் கூரைக்கும் 4 போதும். மரத்தூள், மரச்சீவல்களை அழுத்திச் செய்த எம்டிஎஃப், சிப்போர்ட் இரண்டும் மலிவு. ஆனால் ஒருமுறை நனைந்தால் ஊதிப் பொருமி, ஸ்குரூ பிடிக்காமல் போய்விடும்.

விலையோடு பாரத்தையும் பாருங்கள். எட்டுக்கு நான்கு அடி 12 மில்லிமீற்றர் பலகை ஒன்று ஏறக்குறைய 20 கிலோ வரும். எங்கள் முதல் வரைபடத்தில் தேக்கு அலுமாரி ஒன்று இருந்தது. பழைய டீசல் என்ஜின் அதையும் இழுத்துக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றம் ஏறவேண்டும் என்று அண்ணா சொன்னதும் கைவிட்டோம். சட்டங்களுக்கு லுணுமிதெல்ல எடுத்தோம். வீட்டுக் கூரைக்கு அடிக்கும் அதே மரம்தான். பாரம் குறைவு, வாளுக்கு இலகு. மொறட்டுவைப் பக்கம் போனால் தச்சுப் பட்டறைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். லாச்சிகள் முழுக்க எங்களுக்கு அதில் முடிந்தன. எந்தப் பலகையானாலும் வெட்டிய விளிம்புக்கு வார்னிஷ் இரண்டு பூச்சு. தண்ணீர் விளிம்பால்தான் நுழையும்.

சாமான்களை மலிவாக எங்கே எடுப்பது?

பாவித்த வாகன உதிரிப்பாகம் என்றால் பஞ்சிகாவத்தை. கதவுக் கைபிடி, யன்னல் தண்டவாளம், றப்பர், கூரை லைட் எல்லாம் அங்கே தேடலாம். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் விளங்கப்படுத்தினால் வேறு மொடலைக் கட்டிவிடுவார்கள். ஹார்ட்வெயாருக்குப் பழைய சோனகத் தெரு. எல்ஈடி, வயர், சுவிட்சுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு. திரைத் துணிக்கு மெயின் வீதிப் பக்கம். சனிக்கிழமை போகாதீர்கள், நின்று விலை பேச முடியாத சனம். கிழமை நாளில் காலை பத்து மணிக்குப் போனால் கடைக்காரரும் நிதானமாகக் கதைப்பார்.

கட்டிலும் குஷனும்?

கட்டிலைச் சிக்கலாக்க வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு பெட்டி, பகலில் இருக்கை. நடுவில் ஒரு பலகையை இறக்கினால் இரவில் கட்டில். பலகையில் ஒரு அங்குலத் துளைகள் வரிசையாகப் போடுங்கள், மெத்தைக்குக் கீழே வியர்வை ஈரம் தேங்காது. ஒன்றைத் திட்டமாகச் சொல்கிறேன்: பக்கவாட்டுப் பெட்டியில் ஆட்களை இருத்தி வேனை ஓட்டாதீர்கள். பெல்ட் இல்லாத இருக்கை நிறுத்திய வண்டிக்கு மட்டும்தான். பெட்டிகளையும் தரைத் தகரத்துக்குக் கீழே அகலமான வொஷர் போட்டுப் போல்டால் இறுக்குங்கள். மரத்தில் இறங்கிய ஸ்குரூ ஒரு திடீர் பிரேக்குக்குத் தாங்காது.

குஷன் வேலையைக் கிராண்ட்பாஸில் ஒரு வயதான நானாவிடம் கொடுத்தோம். நாங்கள் நான்கு அங்குல ஸ்பொஞ்ச் ஒன்றைக் காட்டினோம். அவர் அதன் மேல் முழங்கையை ஊன்றி எங்களைப் பார்த்தார். முழங்கை அடிப்பலகையில் முட்டியது. "தம்பி, இதுல ரெண்டு மாசம் படுப்பீங்க. பொறகு பலகையிலதான் படுப்பீங்க" என்றார். ஸ்பொஞ்சைத் தடிப்பைப் பார்த்து வாங்கக்கூடாது, அடர்த்தி கேட்டு வாங்கவேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு கன மீற்றருக்கு 30 கிலோவுக்குக் குறையாதது எடுங்கள். கீழே இரண்டு அங்குலம் தும்பு, மேலே இரண்டு அங்குலம் நல்ல ஸ்பொஞ்ச் என்று அவர் செய்து தந்தார். காசும் குறைந்தது, முதுகுக்கும் இதம்.

உறைக்கு ரெக்சின் துடைக்கச் சுகம், ஆனால் இந்தப் புழுக்கத்தில் உடம்போடு ஒட்டும். இருக்கும் பக்கம் தடித்த பருத்தி, அடிப்பக்கம் ரெக்சின், சிப் வைத்துக் கழற்றித் துவைக்கும்படி தைக்கச் சொல்லுங்கள். பழைய உறையை எறியாமல் அளவுக்குக் கொடுத்தால் தையல்கூலி குறையும்.

மின்சாரம்? என்ஜின் பற்றரியிலேயே விசிறி போட்டால் என்ன?

காலையில் ஸ்டார்ட் ஆகாது. இரண்டாவது பற்றரி ஒன்று வேண்டும். எவ்வளவு பெரிது என்பதை இப்படிக் கணக்குப் பாருங்கள்: 12 வோல்ட் விசிறி 1.5 அம்பியர், எட்டு மணித்தியாலம் ஓடினால் 12 அம்பியர்-மணி. எல்ஈடி லைட் 10 வொட், நான்கு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 3. இரண்டு போன் சார்ஜ் பண்ண 3. மொத்தம் 18 அளவு. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே ஒரு இரவுக்கு 40 அம்பியர்-மணியாவது வேண்டும். நாங்கள் 70 வைத்தோம்.

இரண்டு பற்றரிக்கும் நடுவே வோல்ட்டைப் பார்த்துத் தானே இணைத்துத் தானே பிரிக்கும் ரிலே ஒன்று போடுங்கள். என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறும், நிறுத்தினால் பிரிந்துவிடும். ஒவ்வொரு பற்றரியின் பிளஸ் முனையிலிருந்தும் ஒரு சாணுக்குள் பியூஸ் இருக்கவேண்டும். சிலர் விசிறி, லைட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பியூஸ் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். பற்றரியிலிருந்து அதுவரை வரும் வயர் தகரத்தில் உரசினால் அதைக் காப்பாற்ற ஒன்றுமில்லை. தகரத் துளையால் வயர் போகும் இடமெல்லாம் றப்பர் வளையம் போடுங்கள். ஈயப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும், கட்டிலுக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைப்பதானால் வெளியே காற்றுப் போக்கி கட்டாயம்.

ரைஸ் குக்கர் ஓடுமா என்று கேட்பார்கள். 500 வொட் குக்கர் 12 வோல்ட்டில் 40 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ் அடுப்பை உள்ளே பொருத்தலாமா?

நாங்கள் பொருத்தவில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளைப் பார்த்தவர்கள் நாங்கள். அம்மா ஒரு மாதம் விறகில் சமைத்தார். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் தரையில் தேங்கும். வேனின் தரையோ நீங்கள் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். 2.3 கிலோ சின்னச் சிலிண்டரைப் பின்கதவோரம், தரையில் வெளியே திறக்கும் துளை வைத்த தனிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். சமைப்பது பின்கதவைத் தூக்கிவிட்டு அதன் நிழலில், வெளியே இழுக்கும் தட்டில். மழை என்றால் கடைச் சாப்பாடு. என்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும், மூடிய வேனுக்குள் கரி மூட்டுவதும் உயிருக்கு ஆபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது.

தண்ணீர், கழிவறை?

20 லீற்றர் கேன், காலால் மிதிக்கும் பம்பு, கீழே ஒரு வாளி. கழிவறைக்குப் பெற்றோல் ஷெட்டும் தங்குமடமும். இந்த அளவு வேனில் அதற்கு மேல் வைக்க முயலாதீர்கள்.

சட்டப்படி ஏதாவது செய்யவேண்டுமா?

வாகனப் புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. சீற்றைக் கழற்றி நிரந்தரமாக மாற்றுவதானால் அது புத்தகத்தோடு ஒத்துப்போகவேண்டும். வேலையைத் தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள், முடித்துவிட்டுக் கேட்பது தலைவலி. காப்புறுதிக்காரரிடமும் எழுத்தில் சொல்லிவையுங்கள். வருடாவருடம் புகைப் பரிசோதனையும் வருமான உத்தரவுப்பத்திரமும் வழமைபோலத்தான்.

மொத்தம் எவ்வளவு முடியும்?

ரூபாக் கணக்கு எழுதத் தயங்குகிறேன். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரத்தில் 300ஐத் தாண்டியதைக் கண்ட பிறகு, எழுதிய விலை எதுவும் நிற்காது என்று தெரியும். பங்கு சொல்கிறேன், அது அவ்வளவாக மாறாது. நாங்கள் செலவழித்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட டிங்கர் வேலை, ஒழுக்கு, பெயின்ட். கால் பங்கு பலகை. அதேயளவு பற்றரியும் வயரிங்கும். மிச்சம் குஷன், திரை, சில்லறை. தொடங்கும்போது கையில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். கம்பளத்தைக் கிளப்பியதும் அந்தக் காசு தேவைப்படும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 வரை திறக்காமல் இருந்ததில் பழைய வேன்களுக்கும் நல்ல விலை ஏறியது. உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் பெரிய செலவு கழிந்துவிட்டது. மற்றதை மாதா மாதம் செய்யலாம். சீட்டுக் காசு வந்தபோது பற்றரி, போனஸ் வந்தபோது பலகை என்றுதான் எங்களுக்கும் நடந்தது.

எதை நாமே செய்யலாம், எதை பாஸிடம் கொடுப்பது?

வெல்டிங், கண்ணாடி மாற்றுவது, குஷன் தையல் மூன்றையும் கொடுங்கள். வயரிங்கில் பழக்கம் இல்லாவிட்டால் நீங்களே வயரை இழுத்துவிட்டு, இணைப்பை ஒரு எலக்ட்ரிஷியனைக் கொண்டு செய்வியுங்கள். ஒரு டிங்கர் வேலையில் முழுக் காசையும் முற்பணமாகக் கொடுத்து, வேன் ஆறு கிழமை கராஜில் மழையில் நின்றது. அதிலிருந்து வேலையை மூன்றாகப் பிரித்து, முடிந்ததைப் பார்த்துத்தான் அடுத்த காசு கொடுக்கிறோம்.

எல்லாம் முடிந்தும் மழைக்காலத்தில் பூஞ்சண மணம் வருகிறதே?

மே மாதத்திலும், பின்னேரம் பின்னேரம் கொட்டுகிற ஒக்டோபர், நவம்பரிலும் வரும். மெத்தையைத் தூக்கி நிறுத்திவையுங்கள், லாச்சிகளைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள், மழை விட்டதும் இரண்டு பக்கக் கதவையும் திறந்து ஒரு மணித்தியாலம் விசிறி போடுங்கள். புள்ளி விழுந்த பலகையை வினாகிரி நனைத்த துணியால் துடைத்துக் காயவிடலாம். வெறும் தகரத்தில் மட்டும் அது படவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது வேனை ஓட்டுங்கள். அப்படியும் மணம் ஒரே மூலையிலிருந்து வந்தால் வாசனைத் திரவியம் அடிக்காமல், அந்த மூலைப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். எங்களுக்குப் போன நவம்பரில் அப்படித்தான் ஐந்தாவது ஓட்டை அகப்பட்டது. பின்கதவின் லைட் றப்பருக்குக் கீழே, ஒரு நெருப்புக்குச்சி போகும் அளவு. மகள் அதற்கும் சோக்கால் ஒரு வட்டம் போட்டுவைத்திருக்கிறாள்.